கே.ஜி. சுப்பிரமணியன் ஓவியங்களில் தொன்மமும் தெருவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையையே மூச்சாகக் கொண்ட இந்த அவையில் ஓர் ஓவியரைப் பற்றிப் பேச இசைவு பெற்றிருக்கிறேன். தமிழாசிரியைக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்குப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலை நினைவூட்ட விரும்புகிறேன். திருப்பரங்குன்றத்து முருகனை வழிபட வந்த மக்கள் அங்கிருந்த ஓவிய மண்டபத்திற்குள் நுழைகிறார்கள். சுவரில் காமனும் இரதியும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் அகலிகை, சினங்கொண்ட கௌதமன், பூனை வடிவில் தப்பியோடும் இந்திரன். வந்தவர்கள் இவர் யார், அவர் யார் என்று வினவ, அறிந்தவர்கள் சுட்டிக்காட்டி விளக்கம் சொல்கிறார்கள். படம் பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றி நம் இலக்கியத்தில் உள்ள மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று எனலாம். அந்த மண்டபத்தில் புராணம் இருக்கிறது. திருவிழாக் கூட்டம் இருக்கிறது. தேவர்கோன் ஒரு வீட்டுப் பூனையாகவும் இருக்கிறான். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஓவியரின் உலகமும் ஏறத்தாழ இத்தகையதே.

கே.ஜி. சுப்பிரமணியன் 1924இல் கேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்தார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மாஹியில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடப்பட்டது. 1944இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனம் அவரை ஏற்றுக்கொண்டது. நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகிய மூவரிடமும் பயின்றார். 1951இல் பரோடாவில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். இடையில் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் பணியாற்றினார். 1980இல் சாந்திநிகேதனத்திற்கே பேராசிரியராகத் திரும்பினார். 2012இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2016இல் பரோடாவில் காலமானார். நெசவாளரோடும் குயவரோடும் இருந்து கற்ற ஒருவர், கலை வேறு கைவினை வேறு என்ற பிரிவினையை வாழ்நாள் முழுவதும் ஏற்க மறுத்தார் என்பது அவர் ஓவியங்களுக்குள் நுழைய நமக்குக் கிடைக்கும் முதல் திறவுகோல்.

அவருடைய நூற்றாண்டையொட்டி 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொல்கத்தாவின் எமாமி கலைக்கூடத்தில் ஒரு பெருங்கண்காட்சி நடைபெற்றது. கலை விமரிசகர் நான்சி அதஜானியா அதனை அமைத்திருந்தார். நூறு ஆண்டுகள் ஆகியும் கணக்கு முடியவில்லை, சுப்பிரமணியனை மீண்டும் எழுதிப் பார்ப்போம் என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டிருந்தார். ஏறத்தாழ எழுபதாண்டுக் காலப் படைப்புகளிலிருந்து இருநூறு அளவிலானவை அங்கே இடம்பெற்றன. அக்ரிலிக் தகடுகளின் பின்புறம் தீட்டிய ஓவியங்கள், மார்க்கர் பேனாவால் வரைந்தவை, சீனப் பயணத்தின்போது அஞ்சலட்டை அளவில் வரைந்த சித்திரங்கள், சுவரோவியங்களுக்கான முன்வரைவுகள், குழந்தை நூல்களுக்கான படங்கள், கையால் செய்த பொம்மைகள் ஆகியவை ஒரே கூரையின்கீழ் இருந்தன. பொம்மையைப் பார்த்த கண் அப்படியே திரும்பிப் பெரிய ஓவியத்தைப் பார்க்கும்போது, பொம்மையில் இருந்த குரங்கே ஓவியத்திலும் குதித்துக்கொண்டிருப்பதை உணர முடிந்தது.

தொன்மம், நாட்டார் வழக்காறு, வெகுசனப் பண்பாடு என்று மூன்று அறைகளை நாம் பல்கலைக்கழகங்களில் கட்டி வைத்திருக்கிறோம். தொன்மத்தை இலக்கியத் துறையிலும், நாட்டார் வழக்காற்றை நாட்டுப்புறவியல் துறையிலும் ஆராய்கிறோம். திரைப்படச் சுவரொட்டியையும் நாட்காட்டிப் படத்தையும் எந்தத் துறையில் வைப்பது என்று அறியாமல் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடுகிறோம். சுப்பிரமணியனின் ஓவியத்தில் இந்த மூன்றும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. துர்க்கை இருக்கிறாள், அவள் பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்த மாது இருக்கிறாள், காலடியில் பூனை, சன்னலில் குரங்கு, மூலையில் பூச்சாடி. இவற்றுள் எது உயர்ந்தது, எது எதற்கு அலங்காரம் என்று ஓவியம் நமக்குச் சொல்வதில்லை. இந்தச் சமநிலை எவ்வாறு கைகூடிற்று என்பதை அவர் கையாண்ட தொழில் நுட்பத்தின் வழியாகவே விளக்க விரும்புகிறேன்.

1970களின் இறுதியில் அவர் கண்ணாடியின் பின்புறம் தீட்டும் முறையைக் கைக்கொண்டார். கண்ணாடி எளிதில் உடைவதால் பின்னர் அக்ரிலிக் தகட்டிற்கு மாறினார். இந்த முறை நமக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தின் வழியாக இந்தியத் துறைமுகங்களுக்கு வந்து, பின்னர்த் தஞ்சாவூரில் வேரூன்றிய கண்ணாடி ஓவியங்களை நம்மில் பலர் பழைய வீட்டுக் கூடங்களில் கண்டிருப்போம். இராமர் பட்டாபிடேகமும் வெண்ணெய்க் கண்ணனும் அவ்வாறே வீடு வந்து சேர்ந்தார்கள். ஆயின் உயர்கலை உலகம் அதனைக் கடைத்தெருச் சரக்கு என்றே ஒதுக்கி வைத்திருந்தது. அதனைக் கையில் எடுத்ததே சுப்பிரமணியன் செய்த முதல் கலகம்.

அந்த முறையின் இயல்பு வியப்புக்குரியது. துணியிலோ சுவரிலோ தீட்டுபவர் முதலில் பின்னணியை நிரப்பி, அதன்மேல் உருவத்தை எழுதி, இறுதியில் கண்ணையும் நகையையும் தீட்டுவார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். கண்ணின் கருமணியை முதலில் வைக்க வேண்டும். பிறகு கண்ணின் வெண்மை, பிறகு முகம், பிறகு ஆடை, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பின்னணி. காண்போர் மறுபுறத்திலிருந்து பார்ப்பதால் இடம் வலமாகும், வலம் இடமாகும். மேலும், முதலில் வைத்த கோட்டின்மீது அடுத்த வண்ணம் படிந்துவிட்டால் திருத்த வழியில்லை. முன்னால் நிற்பது முதலில் பிறக்கிறது. பின்னால் நிற்பது கடைசியில் வந்து அதனைத் தாங்குகிறது. பின்னணியை இடாமல் விட்டுவிட்டாலோ, எவ்வளவு அழகிய உருவமாயினும் வெற்றுக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதனூடே பின்சுவர் தெரியும்.

கவிஞர்களாகிய நீங்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வீர்கள். தொன்மத்தைக் கையாளும் கவிஞன் பெரும்பாலும் பழங்கதையிலிருந்து தொடங்கி இன்றைய நிலைக்கு வருகிறான். சுப்பிரமணியன் தம் முன்னால் உள்ள பெண்ணிலிருந்தும் பூனையிலிருந்தும் தொடங்கிப் பழங்கதைக்குப் போகிறார். அவருடைய ஓவியத்தில் தொன்மம் வீட்டு வாசலில் நிற்கும் விருந்தாளி போல வருவதில்லை. ஏற்கெனவே உள்ளே நடமாடிக்கொண்டிருக்கும் உயிர்களுக்குப் பின்னே நிழலாக எழுகிறது.

எடுத்துக்காட்டாகத் துர்க்கையும் மகிடனும் பொரும் காட்சியைக் கொள்ளலாம். அவர் மீண்டும் மீண்டும் தீட்டிய காட்சிகளுள் இது ஒன்று. நம் மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினிக் குகையின் சிற்பத்தை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். சிங்கத்தின்மேல் எட்டுக் கைகளோடு வில்லேந்தி வருகிறாள் தேவி. எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட மகிடன் கதையை ஏந்தியபடி பின்சாய்ந்து நிற்கிறான். பல்லவச் சிற்பி அவனைக் காலடியில் கிடத்தவில்லை. போர் இன்னும் முடியவில்லை. தோற்கப் போகிறவனுக்கும் ஒரு கம்பீரத்தை அவன் கொடுத்திருக்கிறான். சுப்பிரமணியனின் ஓவியங்கள் இந்த முடிவுறாப் போரை இன்னொரு திசையில் கொண்டு செல்கின்றன. அங்கே கைகளும் கொம்புகளும் கால்களும் பின்னிக் கிடக்கின்றன. பெண் எங்கே முடிகிறாள், விலங்கு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய நேரம் பிடிக்கிறது. மகிடனின் முகத்தில் கொடுமையைக் காட்டிலும் திகைப்பே மிகுதி. அழிக்கப்பட வேண்டியது வெளியே மட்டும் இருக்கிறதா என்ற ஐயத்தை ஓவியம் நம்மிடம் விட்டுச் செல்கிறது.

நாட்டார் மரபிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஓர் உருவம் பகுரூபி. வங்காளத்தில் காளியாகவும் அனுமனாகவும் சிவனாகவும் வேடம் பூண்டு தெருத்தெருவாகச் சென்று காசு பெறும் எளிய கலைஞரைப் பகுரூபி என்பர். நேற்றுக் காளியாக வந்தவர் இன்று வேறு வேடத்தில் வருவார். வேடம் கலைந்தால் அவர் அடுத்த தெருவில் குடியிருக்கும் ஏழைத் தொழிலாளி. இந்த உருவம் நமக்கு அயலானதன்று. திருச்செந்தூருக்கு அருகே குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவில் நேர்த்திக்கடன் கொண்டோர் காளி வேடம் பூண்டு ஊர் ஊராகச் சென்று காணிக்கை திரட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் காளிகளோடு குரங்கு வேடமும் காவலர் வேடமும் கலந்து வரும். நிறைவு நாளில் கடற்கரையில் மகிடாசுர சம்காரம் நடைபெறும். புராணமும் நாட்டார் நம்பிக்கையும் அன்றாடத் தெருவும் அந்த மணலில் ஒன்றாகிவிடுகின்றன. எந்தக் கோட்பாட்டு நூலையும் படிக்காமல் நம் மக்கள் செய்து வருவதையே சுப்பிரமணியன் தகட்டின்மேல் செய்தார்.

வெகுசனப் பண்பாட்டைப் பொறுத்தவரை அவருக்கு முன்னோடிகள் கொல்கத்தாவின் காளிகட்ட படக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் காளி கோயிலை அடுத்த கடைத்தெருவில் அமர்ந்து, யாத்திரிகர்களுக்காக விரைந்து வரைந்து சில காசுகளுக்கு விற்றவர்கள் அவர்கள். காளியையும் கணபதியையும் வரைந்த அதே தூரிகையால் நகரத்துச் சீமான்களையும், அவர்களை ஆட்டிப்படைக்கும் மாதர்களையும், மீனைக் கவ்விய கள்ளப் பூனையையும் வரைந்தார்கள். 1873இல் தாரகேசுவரத்தில் நிகழ்ந்த ஒரு கொலையும் அதனைத் தொடர்ந்த வழக்கும் அவர்கள் கையில் படத்தொடராயின. கடவுளுக்கும் நாளிதழ்ச் செய்திக்கும் அவர்களிடம் ஒரே கோடுதான். இருபதாம் நூற்றாண்டில் நம் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணாக்கர்களும் வரைந்து சிவகாசி அச்சகங்களில் அச்சேறிய தெய்வப் படங்களை இத்துடன் எண்ணிப் பார்க்கலாம். நம் பாட்டிமார் கும்பிட்ட முருகனின் முகம் எந்தக் கல்வெட்டிலிருந்தும் வந்ததன்று; நாட்காட்டியிலிருந்து வந்தது. அது குறைவு என்று நான் கருதவில்லை. மக்கள் தெய்வத்திற்கு முகம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று.

அவருடைய குழந்தை நூல்களையும் பொம்மைகளையும் தனியே குறிப்பிட வேண்டும். பரோடாவின் கலைச் சந்தைக்காக 1960களிலிருந்தே அவர் மரத்தாலும் மணியாலும் தோலாலும் பொம்மைகள் செய்தார். கடவுள் முதலில் விலங்குகளையெல்லாம் ஒன்றுபோலவே படைத்தார் என்று தொடங்கும் படக்கதையை 1969இல் வெளியிட்டார். அனு என்னும் சிறுவன் அனுமன் ஆன கதையை 1995இல் நூலாக்கினார். இவற்றைப் பார்க்கும்போது தமிழ் மாணவர்க்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வராமல் போகாது. உலகாளும் இறைவனைத் தொட்டிலில் இட்டு, சிறுபறை முழக்கச் சொல்லி, சிறுதேர் உருட்டச் சொல்லி, தெருப் பெண்பிள்ளைகளின் சிற்றிலைச் சிதைக்காதே என்று கெஞ்ச வைத்த மரபல்லவா நம்முடையது? இறைவனைச் சிறியனாக்குவது அவனை இழிவு செய்வதாகாது, அவனோடு ஒரே வீட்டில் வாழ்வதற்குக் கண்ட வழி என்று நம் புலவர்கள் அறிந்திருந்தார்கள். சுப்பிரமணியனின் பொம்மையும் அதே வழியில் பிறந்தது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. கடவுளையும் கடைத்தெருவையும் அருகருகே வைத்துவிட்டால் கலை ஆகிவிடுமா? ஆகாது. விளம்பரப் படங்களும் அதைத்தான் செய்கின்றன. சுப்பிரமணியனிடம் அந்த அருகாமையில் ஓர் உரையாடல் நிகழ்கிறது. நம் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். திரைக்குப் பின்னால் மகுடமும் புயக்கட்டையும் அணிந்து துரியோதனன் வந்து நிற்கிறான். கட்டியக்காரன் திரைக்கு இப்பால் நின்று, நீர் யார், எந்த ஊர், இங்கே என்ன வேலை என்று கேட்கிறான். அவன் பேச்சில் இன்றைய விலைவாசியும் இருக்கும், உள்ளூர் வம்பும் இருக்கும். அவனுக்குப் பதில் சொல்லிய பிறகே அரசன் அவைக்கு வர முடியும். சுப்பிரமணியனின் ஓவியத்தில் இந்தக் கட்டியக்காரனின் வேலையைக் குரங்கும் பூனையும் ஆடும் செய்கின்றன. தேவியின் சூலத்திற்கும் நமக்கும் இடையில் அவை அமர்ந்துகொண்டு, இது யார், இங்கே என்ன நடக்கிறது என்று நம் சார்பில் கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு உட்படாத தொன்மத்தை அவர் தம் ஓவியத்திற்குள் விடுவதில்லை.

இந்த விளையாட்டைக் கண்டு அவரை வெறும் களிப்பூட்டும் கலைஞர் என்று கொள்வது பிழை. 1971இல் வங்கதேசப் போரையொட்டித் தளபதிகளும் வெற்றிச் சின்னங்களும் என்னும் சுடுமண் புடைப்புத் தொடரைப் படைத்தார். பதக்கங்கள் நிறைந்த மார்புகளும் சிதைந்த உடல்களும் ஒரே களிமண்ணில் பிசையப்பட்டு நின்றன. 1975 முதல் 1977 வரை நிலவிய அவசரநிலையை, பேசும் முகம் கொண்ட ஓர் இளவரசியைப் பற்றிய குழந்தைக் கதையாக மாற்றினார். ஓயாது பேசுபவளிடம் அதிகாரம் சேர்ந்தால் நாட்டுக்கு என்ன நேரும் என்பதைப் பாட்டி கதை வடிவிலேயே சொல்லிவிட்டார். 1992 டிசம்பரில் அயோத்தியில் நிகழ்ந்ததையும் அதனைத் தொடர்ந்து நகரங்களில் மூண்ட கலவரங்களையும் கண்ட நாட்டில், 1993இல் அவர் தீட்டிய ஓர் ஓவியத்திற்கு, நகரம் எரிப்பதற்கன்று என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டார்.

அந்தப் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது. எரிந்த நகரம் என்றவுடன் தமிழர்க்கு நினைவில் வருவது மதுரை. நீதிக்காக நகரை எரித்தவள் நம் காப்பியத் தலைவி. அவளை வணங்குகிறோம், அவளுக்குச் சிலை வைத்திருக்கிறோம், அவள் தீயை நம் கவிதைகளில் எத்தனையோ முறை ஏற்றியிருக்கிறோம். இந்த ஓவியரின் சொல்லுக்கு முன்னால் அந்தத் தீயை என்ன செய்வது?

விடை இளங்கோவடிகளிடமே இருக்கிறது. அழற்படு காதையோடு மதுரைக் கதை முடிந்துவிடவில்லை. அடுத்து வரும் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வருகிறது. சீற்றங்கொண்டவளின் முன்னே நிற்க அஞ்சி, பின்புறமாகத் தோன்றுகிறது. பாண்டியன் குடியின் முறைமையை எடுத்துரைக்கிறது, பழவினையைச் சொல்கிறது, தீ தணிகிறது. நகரத்தின் குரல் அது. எரிகின்ற ஊருக்குள் இருந்து ஒருத்தி வந்து, எரித்தவளின் துயரை மறுக்காமலேயே, போதும் என்று வேண்டிக்கொள்ளும் குரல். நம் கவிதைகளில் தீ இருக்கிறது, சிலம்பு இருக்கிறது, தலைவிரி கோலம் இருக்கிறது. மதுராபதி எத்தனை கவிதைகளில் இருக்கிறாள்? கண்ணாடி ஓவியத்தின் இலக்கணத்தில் சொல்வதானால், நாம் முன்னிற்கும் உருவத்தை மட்டும் பளிச்சென்று தீட்டிவிட்டுப் பின்னணியை இடாமல் எழுந்துவிட்டோம். ஆகவேதான் நம் கண்ணகிகள் பலரும் மேடையில் முழங்குகிறார்கள், கவிதைக்குள் நிற்பதில்லை.

ஓவியரைப் பாராட்டுவதோடு நில்லாமல் ஒரு தடையையும் இங்கு எழுப்ப வேண்டும். அவர் ஓவியங்களில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். கட்டிலில் சாய்ந்தும், சன்னலில் நின்றும், கண்ணாடி பார்த்தும் இருக்கிறார்கள். இவர்களைப் பார்க்கும் கண் ஆணின் கண்ணல்லவா என்று பெண்ணாகிய நான் கேட்காமல் இருக்க இயலாது. சில ஓவியங்களின் முன் இந்தக் கேள்வி விடையின்றியே நிற்கிறது. பழைய கண்ணாடி ஓவியங்களிலும் காளிகட்டப் படங்களிலும் இருந்த மாதரின் ஒய்யாரத்தை அவர் சில வேளைகளில் அப்படியே வாங்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் வேறு சில ஓவியங்களில் அதே பெண் திரும்பி நம்மைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் நாணமும் இல்லை, அழைப்பும் இல்லை. அடுக்களையில் வேலையாக இருப்பவள் அழைக்காமல் வந்தவரைப் பார்க்கும் பார்வை அது. அவளுக்குக் கைகள் எட்டாகும்போது, அவள் தெய்வமாக உயர்த்தப்பட்டாள் என்று தோன்றுவதில்லை. எட்டுக் கைகளுக்கும் வேண்டிய வேலை அவளுக்கு வீட்டிலேயே இருந்தது என்று தோன்றுகிறது. பெண்ணைத் தெய்வமாக்கிக் கைகழுவும் நம் மேடைப் பேச்சிலிருந்து இது எவ்வளவோ தொலைவில் இருக்கிறது.

இனி நமக்கு வருவோம். கடந்த பல ஆண்டுகளாகத் தொன்மங்களைச் சுற்றி நம் நாட்டில் வேலிகள் எழுந்து வருவதைக் காண்கிறோம். இது எங்கள் கதை, இதை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு சாரார் கூறுகிறார்கள். அப்படியானால் எங்களுக்கு இந்தக் கதையே வேண்டா என்று மற்றொரு சாரார் விலகிச் செல்கிறார்கள். இரு சாராரும் ஒரு செய்தியில் உடன்படுகிறார்கள்: தொன்மம் ஒரு சொத்து, அது யாருக்கோ உரியது என்பதே அது. சுப்பிரமணியன் அதனை ஒரு மொழியாகக் கண்டார். மொழியைப் பூட்டி வைக்க முடியாது. பேசப் பேசத்தான் அது வாழும். அதில் வேண்டவும் முடியும், ஏசவும் முடியும். சுந்தரர் இறைவனோடு வழக்காடி வன்தொண்டர் எனப் பெயர் பெற்றார். காளமேகம் தெய்வங்களை இகழ்வது போலப் புகழ்ந்தார். அவர்களை யாரும் நாத்திகர் என்று சொல்லவில்லை. இறைவனோடு சண்டையிடும் உரிமை நம் பத்தி மரபின் உள்ளேயே இருந்தது. அந்த உரிமையைப் பக்தரும் பகுத்தறிவாளரும் ஒருங்கே இழந்துவிடும் நிலை வருமானால், முதலில் ஏழையாகப் போவது கவிதைதான்.

இங்கே புதுமைப்பித்தனை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளைச் சென்னைப் பட்டணத்துத் தெருமுனைக்கு இறக்கி, காப்பிக் கடைக்கு அழைத்துச் சென்றார். 'சாபவிமோசனம்' கதையில், பரிபாடல் மண்டபத்தில் நாம் கண்ட அதே அகலிகையை மீண்டும் கல்லாகப் போகச் செய்தார். ஒன்று நகைக்க வைக்கிறது. மற்றொன்று நடுங்க வைக்கிறது. இரண்டையும் எழுதிய கை ஒன்றே. விளையாட்டுக்கும் வேதனைக்கும் இடையே சுவர் எழுப்பாத அந்தத் துணிவைத்தான் சுப்பிரமணியனின் ஓவியங்களிலும் காண்கிறேன். உரைநடையில் இவ்வளவு முன்னரே நிகழ்ந்துவிட்டது நம் கவிதையில் இன்னும் அரிதாகவே நிகழ்கிறது என்பதை இந்த அவையின் சிந்தனைக்கு வைக்கிறேன்.

வட்டத்தின் கவிஞர்கள் தொன்மத்தைக் கையாளும்போது இரண்டு கேள்விகளைத் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளலாம். என் கவிதையில் வரும் திரௌபதியும் கண்ணகியும் அகலிகையும் எந்தத் தெருவில் நடக்கிறார்கள், அவர்கள் காலடியில் என்ன பூனை கிடக்கிறது? இது முதல் கேள்வி. அவர்களுக்குப் பின்னே யார் நிற்கிறார்கள், அந்தக் குரலை நான் கேட்டேனா? இது இரண்டாம் கேள்வி. முதற்கேள்விக்கு விடை கிடைத்தால் தொன்மம் இன்றையதாகும். இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்தால்தான் அது முழுமையாகும். வெறுமனே புராணப் பெயரைச் சுட்டிவிட்டு, எஞ்சியதை வாசகர் அறிவார் என்று விட்டுவிடுவது சுருக்கம் ஆகாது. பின்னணி இடாத கண்ணாடி அது.

2009ஆம் ஆண்டில், தம் எண்பத்தைந்தாம் வயதில், சாந்திநிகேதனத்துக் கலாபவனக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர்களில் சாரம் ஏறி நின்று சுப்பிரமணியன் கறுப்பிலும் வெள்ளையிலும் சுவரோவியம் தீட்டினார். முன்னரும் அதே சுவர்களில் அவர் தீட்டியிருந்தார். வெயிலும் மழையும் அதனை அழித்துவிட, மீண்டும் புதிதாகத் தீட்டினார். பழையதை அப்படியே படியெடுக்கவில்லை. மரமும் பறவையும் விலங்கும் மாந்தரும் தெய்வமும் மறுபடியும் வேறு விதமாக அங்கே வந்து குடியேறின. சுவர் அதுவே, கையும் அதுவே, கதை மட்டும் மீண்டும் சொல்லப்பட்டது. மரபு என்று நாம் ஓயாமல் பேசுகிறோமே, அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்க்கு அந்தச் சுவரைத்தான் நான் காட்டுவேன்.

பத்தாண்டுகளைக் கடந்து நிற்கும் நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் ஓவியரையும் கூத்துக் கலைஞரையும் பொம்மை செய்பவரையும் தன் கூட்டங்களுக்கு அழைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கவிதை பயில்வோர்க்கு அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது.